மழைக்கு முன் நீற்றிய சுண்ணாம்பு

"மார்க்கெட் நம்ம பக்கம் திரும்புது, ராணி" என்றார் இருதயநாதன்.

லூர்துராணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. மார்க்கெட்தான் பாவம், எத்தனை தடவை திரும்பும்? அது திரும்பும்போதெல்லாம் இந்த வீட்டில் ஏதாவது ஒன்று குப்புற விழுந்திருக்கிறது. ஒரு தடவை சாக்பீஸ் பக்கம் திரும்பியது. ஊரெல்லாம் ஸ்கூல் பெருகப்போகிறது என்று சொல்லி மனுஷர் பிளாஸ்டர் மாவை வாங்கி வாங்கி அடுக்கினார். அது ஈரம் குடித்து இறுகிப்போய், இன்றைக்கும் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. அதன் மேல் அவருடைய சட்டையை அடித்துத் துவைக்கும்போது மட்டும் லூர்துராணிக்குக் கை கொஞ்சம் ஓங்கியே விழும்.

இந்தத் தடவை திரும்பியது சுண்ணாம்பு. எழுபத்தேழாம் வருஷம், புரட்டாசி முடியப்போகிற நேரம். சிமெண்ட்டுக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை வாங்க முடியாது. பெர்மிட் வாங்கப் போனவன் செருப்புத் தேய்ந்து திரும்பி வருவான்.

"யோசிச்சுப் பாரு. சிமெண்ட் கிடைக்கலைன்னா வீடு கட்டுறவன் எங்க வருவான்? நம்மகிட்டதான் வருவான். செம்பட்டு தோல் ஷாப்புக்காரன் தோலை ஊறப்போட எப்பவும் வருவான். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரன் களம் பூச வருவான். ஸ்ரீரங்கத்துல மொட்டைக் கோபுரத்தைக் கட்டி முடிக்கப்போறாங்கன்னு ஒரே பேச்சு. அதுக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேணும்னு நெனச்சுப் பார்த்தியா?"

"அந்தப் பேச்சு எங்கப்பா டிராயர் போட்ட காலத்துலேருந்து இருக்கு. சாப்பிடுங்க, ஆறிடும்."

"பெரியண்ணன் சொல்றான்."

பெரியண்ணன் ஒரு லாரி புரோக்கர். காந்தி மார்க்கெட் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவின் பொருளாதாரத்தையே நடத்திக்கொண்டிருந்தவன். அவன் வாயிலிருந்து எது விழுந்தாலும் இருதயநாதனுக்கு அது சுவிசேஷம்.

சுண்ணாம்புக் காளவாய் லூர்துராணியின் அப்பாவுடையது. உறையூரைத் தாண்டி, கோரையாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அரியலூர்ப் பக்கமிருந்து லாரியில் வருகிற கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைத்தால், வெந்த கல் அடியில் வெள்ளை வெளேரென்று இறங்கும். அந்தக் கல்லுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி தண்ணீர். ஒரு சொம்புத் தண்ணீர் பட்டால் போதும். சீறும், கொதிக்கும், பொங்கும், பக்கத்தில் சாக்கு இருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் குழியில் தண்ணீர் விட்டு, ஆள் பக்கத்திலேயே நின்று, அதைக் கொதிக்கவிட்டுக் களியாக்குவார்கள். அதற்கு நீற்றுவது என்று பெயர். நீற்றிய பிறகு அது சாது. மேலே மணலைப் போட்டு மூடிவிட்டால் வருஷக்கணக்காகக் குழியில் கிடக்கும், கெடாது.

அவளுடைய அப்பா காளவாயில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஐப்பசி பிறப்பதற்குள் காளவாயை அணைத்துவிட வேண்டும். குடோனில் விற்காத கல் எவ்வளவு இருந்தாலும் அத்தனையையும் குழியில் தள்ளி நீற்றிவிட வேண்டும். ஒரு கூடைகூட மிச்சம் வைக்கக்கூடாது. அன்றைக்கு ஆட்களுக்கு ஆட்டுக்கறிச் சோறு. கல்லாக விற்றால் வெளியூருக்கு லாரியில் போகும், நல்ல விலை. களியாகிவிட்டால் உள்ளூரில் மாட்டுவண்டியில்தான் போகும், விலையும் மட்டம். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் நீற்றினார்.

இருதயநாதன் அதற்கு முன்னால் ஒரு சிமெண்ட் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். பதுக்கிவைத்த சிமெண்ட் பொங்கலுக்குள் ஒன்றுக்கு ரெண்டாக விற்றதைக் கண்ணால் பார்த்தவர். அந்த ஞானத்தை அப்படியே கொண்டுவந்து சுண்ணாம்பின் தலையில் வைத்தார். காளவாய்க்காரன் மகன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். சிமெண்ட் கடையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர்தான் செய்வார்.

"இந்த வருஷம் நீத்தக் கூடாது. ஒரு கல் நீத்தக் கூடாது. பொங்கல் வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். குடோன் கூரைத் தகரம் வரைக்கும் கல்.

லூர்துராணிக்கு வியாபாரம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. அவளைப் பயமுறுத்தியது வேறு. குடோனை ஒட்டி ஒரு குடிசை. அதில் காளவாயில் வேலை செய்கிற மருதையும் அவன் பெண்டாட்டி இருளாயியும் இருந்தார்கள். இருளாயி மடியில் தவழக்கூட ஆரம்பிக்காத பெண் குழந்தை. அவர்கள் தலைமாட்டில் ஒரு செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மலையாகக் குவிந்த சுண்ணாம்புக் கல், மேலே ஆணி துருப்பிடித்த தகரம். நல்ல மழை ஒன்று பிடித்து, தகரம் ஒன்று பறந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிப் பார்த்தாள். காலையில் சொன்னாள், மாலையில் சொன்னாள், கோயிலுக்குப் போகிற வழியில் சொன்னாள். "தகரத்துக்கு மேல தார்ப்பாய் போட்டிருக்கேன்ல" என்பார். தார்ப்பாயைப் போய்ப் பார்த்தால் அதில் ஆடு மேய்ந்த மாதிரி ஓட்டை.

சரி, இவரிடம் பேசிப் பிரயோசனமில்லை, கல்லை நாமே விற்றுத் தள்ளிவிடுவோம் என்று லூர்துராணி ஒருநாள் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். உத்தர வீதியில் ஒரு மடத்தில் சுவரெல்லாம் பெயர்த்துப் போட்டுப் பூச்சு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. மடத்து நிர்வாகம் பார்க்கிற வரதாச்சாரி வாசலுக்கே வந்தார். கழுத்தில் சிலுவை போட்ட பெண்பிள்ளை சுண்ணாம்பு விற்க வந்திருக்கிறாளே என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு, "வாங்கோம்மா, உக்காருங்கோ" என்றார்.

"சுண்ணாம்புக் கல் இருக்குங்க. நல்ல வெந்த கல். எங்கப்பா காலத்துலேருந்து..."

"உங்க அப்பாவைத் தெரியும்மா. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கிறதுக்கு அவர் கல்லுதான் ஏத்ததுன்னு எங்க பழைய கொத்தனார் சொல்லுவார். நமக்கு சிமெண்ட்டெல்லாம் ஆகாது. கார்த்திகைக்குள்ள கைங்கர்யம் பூர்த்தியாகணும்னு சங்கல்பம். எவ்வளவு இருக்கோ அவ்வளவையும் அனுப்பி வையுங்கோ. நம்ம குழியிலேயே நீத்திக்கறோம். லாரிகூட நானே அனுப்பிடறேன்."

லூர்துராணிக்கு அவர் காலில் விழலாமா என்று இருந்தது. திரும்பி வரும்போது திருவானைக்காவலில் பஸ் நின்றபோது ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் இஷ்டமாகப் பூ வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

சொன்னபடி லாரி வந்தது. அவள் சமையலை முடித்துவிட்டுக் காளவாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் லாரி போயும்விட்டது. காலியாக.

"என்னங்க, லாரி எங்கே?"

"திருப்பி அனுப்பிட்டேன்." முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "ராணி, உனக்குப் புரியலையா? ஸ்ரீரங்கத்துலேருந்து லாரியை அனுப்பி, இருக்கிற எல்லாத்தையும் கொடுன்னு கேக்கறாங்கன்னா என்ன அர்த்தம்? மார்க்கெட் ஏறப்போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பெரியண்ணன் சொன்னது சரியாப்போச்சு பாரு."

"அவங்க கேக்கலை. நான் போய்க் கெஞ்சி வித்துட்டு வந்தேன்."

"நீ கெஞ்சினே. அவங்க ஏன் உடனே சரின்னாங்க? அதை யோசி."

சொல்லுங்கள், இந்த மனுஷரை என்ன செய்வது? பாறையில் முட்டிக்கொண்டால் ரத்தமாவது வரும். லூர்துராணி குடோன் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் வரதாச்சாரிக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டாள். "வேற இடத்துல சொல்லிட்டோம், பாதகமில்லை, க்ஷேமமா இருக்கச் சொல்லுங்கோ" என்று பதில் வந்தது. அந்தக் கதவும் அடைத்துக்கொண்டது.

ஐப்பசி பிறந்தது. மழை முதலில் தூறலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் காளவாய்க்குப் போனபோது இருளாயி குழந்தையைக் குடோன் சுவரோரமாகப் படுக்கவைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தரை சில்லுன்னு இருக்கே, அங்க ஏன் போட்டிருக்க?"

"தரைதாம்மா சில்லுன்னு இருக்கு. சுவரு நல்லா கதகதன்னு இருக்குதும்மா. ரெண்டு நாளா பாப்பா அசந்து தூங்குது" என்று இருளாயி சிரித்தாள்.

லூர்துராணி சுவரில் கையை வைத்தாள். இட்லிப் பானையின் பக்கவாட்டில் கை வைத்த மாதிரி இருந்தது. காளவாய் அணைந்து பல நாள் ஆகிவிட்டது. சுவர் சுடுகிறதென்றால் உள்ளே கல் ஈரம் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். காளவாயிலேயே வேலை செய்கிற பெண்தான் இருளாயி. ஆனால் மழைக் குளிரில் சுடுகிற சுவர் கிடைத்தால் யார்தான் அதை ஏன் எதற்கு என்று கேட்பார்கள்? லூர்துராணி குழந்தையை அள்ளி எடுத்து இருளாயி கையில் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் சாமான் எதையும் மெதுவாக வைக்கவில்லை. சுவர் சுடுகிற விஷயத்தை இருதயநாதன் கேட்டுவிட்டு, "ஓரத்துல நாலு கல் நனைஞ்சிருக்கும். அதுக்குப் போய்ப் பதறுறே" என்றார். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார். மெட்ராஸில் கட்டட சாமான் வியாபாரிகள் கூட்டம் ஒன்று நடக்கிறதாம். சுண்ணாம்புத் தொழிலின் எதிர்காலம் என்று அதில் ஒருத்தர் பேசுகிறாராம். பெரியண்ணனும் இவரும் போகிறார்களாம். எதிர்காலம் இங்கே சுவருக்குள் புகைந்துகொண்டிருக்க, அதைப் பற்றிப் பேச்சுக் கேட்க மனுஷர் மெட்ராஸுக்கு ரயிலேறினார்.

அவர் போன மறுநாள் கல்லறைத் திருநாள். மேலப்புதூர் வீட்டிலிருந்து லூர்துராணி பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். எல்லாக் கல்லறைக்கும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அவளுடைய அப்பா கல்லறைக்கு மட்டும் அடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு கொடுத்தவர் கல்லறை பாசி பிடித்துக் கிடந்தது. ஏனென்றால் வீட்டில் நீற்றிய சுண்ணாம்பு ஒரு கரண்டிகூட இல்லை. எல்லாம் பொங்கல் மார்க்கெட்டுக்காகக் கல்லாகவே காத்துக்கொண்டிருந்தது.

லூர்துராணி ஜெபம் சொல்லவில்லை. அப்பாவோடு சண்டை போட்டாள். "சிமெண்ட் கடையில கணக்கு எழுதுற பையன், நல்ல படிப்பு, நல்ல குணம்னு கட்டிவெச்சீங்களே. நல்ல குணந்தான், யாரு இல்லேன்னா. அந்தக் குணத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. நாலாவது குச்சியைக் கிழிக்கும்போது அவளுக்கு மனசு திடமாகிவிட்டது. யாரைக் கேட்க வேண்டும்? காளவாய் யாருடையது?

நேராகக் காளவாய்க்குப் போனாள். "மருதை, குழியில தண்ணி விடு. எல்லாக் குழியிலயும் விடு. இருக்கிற ஆளையெல்லாம் கூப்பிடு."

மருதை தலையைச் சொறிந்தான். "ஐயா வந்தா..."

"ஐயா வந்தா நான் பேசிக்கறேன். நீ உன் புள்ள தூங்குற இடத்தைப் பத்தி யோசி."

குடோன் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த அனலில் எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். ஓரத்துக் கல்லெல்லாம் பொரிந்து மாவாகி, உப்பி, சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு சாக்கு கருகியிருந்தது. கை காலெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். கூடை கூடையாகக் கல்லைத் தண்ணீரில் தள்ளத் தள்ள குழி சீறியது. வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பி ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. நீளக் கழியை வைத்துக்கொண்டு மருதை கிண்டினான். ஒரு துளி தெறித்து லூர்துராணியின் புறங்கையில் கொப்புளம் போட்டது. அவளும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கூடை தூக்கினாள். சாயங்காலத்துக்குள் முடியவில்லை. மறுநாளும் நடந்தது. கடைசிக் கூடை விழுந்தபோது குடோனில் அப்பா போட்டுவைத்த பலகைத் தட்டுகள் மட்டும் வெறுமையாக நின்றன. குழியெல்லாம் மணல் போட்டு மூடியாகிவிட்டது. ஆட்டுக்கறிச் சோறு போட அவளிடம் வசதியில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொடுத்தாள். அன்று ராத்திரி அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

இருதயநாதன் மெட்ராஸிலிருந்து திரும்பியபோது தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். கூட்டத்தில் பேசியவர் அடுத்த அஞ்சு வருஷத்துக்குச் சுண்ணாம்புதான் ராஜா என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சந்தோஷத்தோடு காளவாய்க்குப் போய்க் குடோனைத் திறந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அவர் கத்தவில்லை. கத்தினால்தான் பரவாயில்லையே. நாற்காலியில் உட்கார்ந்து, "கொன்னுட்டே" என்றார். "ஒரு மார்க்கெட்டையே கொன்னுட்டே, ராணி. கல்லு இருந்தா ராஜா. களியை வெச்சுக்கிட்டு நான் யாருகிட்ட போவேன்?"

"சுவரு சுட்டுச்சு."

"சுவரு."

"சுவரு சுட்டுச்சுங்க. குழந்தை பக்கத்துல படுத்திருந்துச்சு."

"குடிசையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லியிருந்தா முடிஞ்சுது" என்றார். சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் சாப்பிடவில்லை. தீபாவளி வரைக்கும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வெளியில் பேசினார். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்களிடம் பேசினார், பால்காரனிடம் பேசினார். "எங்க வீட்ல ஒரு பெரிய சந்தர்ப்பத்தைத் தண்ணியில கரைச்சுட்டாங்க" என்று அவர் சொன்னது அவள் காதுக்கே வந்து சேர்ந்தது.

தீபாவளி முடிந்த கையோடு அந்தப் பேய்மழை வந்தது. திருச்சிக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை ராத்திரி காவிரியும் கோரையாறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் எது எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டன. மேலப்புதூரில் தண்ணீர் இவர்கள் வீட்டுப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. உறையூர்ப் பக்கம் வீடுகளே இல்லை என்று ஒருத்தன் சொன்னான், மாடியெல்லாம் முழுகிவிட்டது என்று இன்னொருத்தன் சொன்னான். போக வழியில்லை. லூர்துராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இருளாயி முகம் வந்தது, குழந்தை முகம் வந்தது. தீபாவளிக்கு மருதையின் அம்மா பாப்பாயி வேறு பச்சைமலையிலிருந்து வந்திருந்தாள். பேத்தியைப் பார்க்க மலையை விட்டு முதல் தடவையாக இறங்கி வந்தவள். அழுகை வந்தது. அழுதால் ஏதோ நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று அதை விழுங்கிக்கொண்டாள். போய்ப் பார்த்த பிறகு அழுதுகொள்ளலாம்.

வழி விட்டதும் இருவரும் சேற்றில் நடந்தே போனார்கள். செத்த மாடுகள் வழியெல்லாம் கிடந்தன. காளவாயில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. குழிகளை வெள்ளம் வாரிக்கொண்டு போய், நீற்றிய சுண்ணாம்பு பாதி ஆற்றோடு போயிருந்தது, மிச்சமிருந்ததில் சேறு. குடிசை இருந்த இடமே தெரியவில்லை.

குடோன் மட்டும் நின்றது. அப்பா அதை இடுப்புயரத்துக்கு மேடை கட்டி எழுப்பியிருந்தார். உள்ளேயிருந்து புகை வந்தது. லூர்துராணி ஓடினாள். கிட்டே போய்ப் பார்த்தால் அது அடுப்புப் புகை. மருதை மூன்று செங்கல்லை வைத்து என்னவோ காய்ச்சிக்கொண்டிருந்தான். பலகைத் தட்டின் மேல் இருளாயி, மடியில் குழந்தை. பக்கத்தில் பாப்பாயி. அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் இன்னும் பத்துப் பதினைந்து பேர், கோழி ஒன்று, ஆட்டுக்குட்டி ஒன்று. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

"இங்கதாம்மா மேடா இருந்துச்சு" என்றாள் இருளாயி. "கதவை ஒடச்சு உள்ள வந்துட்டோம். உள்ளயும் முழங்கால் தண்ணி வந்துருச்சு. பலகை மேல ஏறிக்கிட்டோம்." சுவரில் தண்ணீர் நின்ற கோடு சேற்று நிறத்தில் நேராக ஓடியது.

லூர்துராணி பேச வாயைத் திறக்கும் முன்னால் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "ஐயா, காளவாய்க்காரர் யாருங்க? சுண்ணாம்பு வேணும். எவ்வளவு இருந்தாலும் வேணும். மாடெல்லாம் புதைக்கணும், கிணத்துக்கெல்லாம் போடணும், ஊர் பூரா அடிக்கணும். சொன்ன விலைக்கு எடுத்துக்கறோம்."

இருதயநாதன் அந்த வெறும் குடோனைப் பார்த்தார். வெள்ளக் கோட்டைப் பார்க்கவில்லை, பலகை மேல் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. வெற்றிடத்தைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி வரைக்கும் இருந்துச்சு. கூரை தட்டுற வரைக்கும் கல்லா இருந்துச்சு." பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். குரல் கம்மியிருந்தது. "நான் சொன்னேனா இல்லையா? வந்துச்சா இல்லையா மார்க்கெட்? இந்தக் குடோன் மட்டும் நிறைஞ்சு இருந்திருந்தா, ராணி... இன்னிக்கு மட்டும் நிறைஞ்சு இருந்திருந்தா..."

லூர்துராணிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டிவிடுவதென்று மூச்சை இழுத்தாள். அதற்குள் பாப்பாயி பேசினாள். பாவம், மலைக்காரி. கேழ்வரகும் மரவள்ளியும் தெரியும், சுண்ணாம்பென்றால் வெற்றிலைக்குத் தடவுகிற அளவுதான் தெரியும். பெரிய மனுஷர் வருத்தப்படுகிறாரே என்று அவருக்கு ஆதரவாகத்தான் பேசினாள்.

"ஆமா சாமி. அந்தக் கல்லு இருந்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும். இந்தப் பலகையில விடிய விடிய நனைஞ்சுக்கிட்டுக் கெடந்தோம். கூரை வரைக்கும் கல்லு குமிஞ்சு கெடந்திருந்தா அது மேல ஏறி உக்காந்திருப்போம். பச்சப்புள்ளையாச்சும் நனையாம இருந்திருக்கும்."

மருதை அடுப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டான். இருளாயி குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அது இல்லம்மா" என்று இருதயநாதன் கிழவிக்கு விளக்க ஆரம்பித்தார். "அது மேல ஏறி... தண்ணி உள்ள வந்தா அது..." அங்கேயே நின்றுவிட்டார். இப்போதுதான் அவர் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அதன் மேல் இருந்த ஒவ்வொருத்தரையும் பார்த்தார், கடைசியில் குழந்தையைப் பார்த்தார். என்ன இருந்தாலும் இத்தனை வருஷம் சுண்ணாம்போடு இருந்தவர். குழியில் கால் தவறிய ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருத்தர். அப்படியே வாசற்படிச் சேற்றில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் மூடிக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தார்.

லூர்துராணி இழுத்த மூச்சு அப்படியே நின்றது. மூன்று நாளாக அவள் விழுங்கிவைத்திருந்த அழுகை ஒன்று இருந்தது. இவர்களை உயிரோடு பார்த்ததும் அழலாம் என்று வைத்திருந்தது. அதிலும் மனுஷர் முந்திக்கொண்டார். இனிமேல் அவள் எங்கே அழுவது? இவரைத் தேற்றுகிற வேலை வந்துவிட்டதே. அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் போய்ப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள்.

"ராணி, அந்தக் குழந்தை..."

"தெரியும். பேசாதீங்க."

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். சுகாதார ஆபீஸ்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஜீப்புக்குத் திரும்பிப் போனார்.

பாப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு மருமகளிடம் குனிந்தாள். "ஐயாவுக்கு ரொம்ப நட்டம் போலிருக்கு, பாவம்" என்றாள்.